மரம் எங்கே முடிகிறது

துண்டில் சுற்றி எடுத்து வந்தாள்,
குளிப்பாட்டிய பிள்ளையைப் போல.
பிரித்தால், ஒரு முழ நீள ஓக் பலகை.
சுவரடிச் சட்டத்திலிருந்து பெயர்த்தது.
ஒரு முனையில் ஆணி இன்னும் துருத்திக்கொண்டு.

டுலூத்தில் நவம்பர்.
ஏரிக்காற்று கடைக் கதவை உதைத்துத் திறக்கும் மாதம்.
நான் பெயின்ட் கலக்குபவன்,
பதினேழு வருடமாக அடுத்தவர் சுவர்களுக்கு வாழ்க்கைப்பட்டவன்.

"இதற்கு எது பொருந்தும்?" என்றாள் தோர்டிஸ் ஆக்ரே.
வெள்ளை, என்றேன்.
எல்லோருக்கும் முதலில் வெள்ளைதான்.

மறுநாளே வந்தாள்.
பனி வெளிச்சத்தில் வெள்ளை நீலம் பாரித்துவிட்டதாம்,
செத்தவன் நகம் போல.
சாம்பல் கொடுத்தேன்.
மரத்தின் பக்கத்தில் வைத்ததும்
அது கத்தரிப்பூ நிறம் காட்டியதாம்.
சாம்பலைச் சொல்லிக் குற்றமில்லை.
ஓக்குக்குள் ஓர் ஆரஞ்சு குடியிருக்கிறது;
பக்கத்தில் யார் வந்து நின்றாலும்
அவர்களின் ரகசியத்தை உளற வைத்துவிடும்.

தந்தம், வைக்கோல், ஆட்டுப்பால், ஈரமணல்.
(பெயர் வைத்தவன் பசியோடிருந்த நாட்களும் அட்டையில் தெரியும்:
வெண்ணெய், பிஸ்கட், மூன்று வகைப் பாதாம்.)
"பேசாமல் மரத்துக்கும் சேர்த்து வெள்ளை அடித்துவிடுங்களேன்"
என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.
அவள் பலகையைத் துண்டால் மூடினாள்,
அதற்குக் காது கேட்டுவிடும் என்பது போல.

ஏழாம் முறை, பச்சை.
வெயிலில் காய்ந்த இலையின் மங்கல் பச்சை.
முகம் கழுவிக்கொண்டு வந்தது போல
மரம் பளிச்சென்று நின்றது.
கடையில் இருந்த அத்தனை பேருக்கும் பிடித்தது.
எனக்கும்தான். இரண்டு கேலன் கலந்தேன்.

ஞாயிறு நாலரை மணி, இருட்டும் நேரம்.
கூடத்தை அடித்து முடித்திருந்தாள்.
ரொட்டிக் கிடங்கிலிருந்து வந்த ஆர்வோ
சமையலறைக்குப் போகக் கை நீட்டினான்.
கதவில்லை.
சுவர்.
விரலெல்லாம் பச்சை.

முதலில் சிரித்தாளாம்.
"கதவை எங்கே வைத்தாய்?" என்று அவன் கேட்டது
விளையாட்டில்லை என்று புரியக்
கொஞ்ச நேரம் ஆனதாம்.
"நிறத்தில் நான் கொஞ்சம் மோசம்" என்று
கல்யாணத்துக்கு முன்பே சொல்லியிருந்தான்.
இருபத்திரண்டு வருடமாக
சட்டைகளைப் பற்றிச் சொன்னதாக நினைத்திருக்கிறாள்.
தக்காளியை அவன் அமுக்கி அமுக்கிப் பார்ப்பதைக்
கஞ்சத்தனம் என்றும்.

செவ்வாய்க்கிழமை இருவரும் வந்தார்கள்.
பலகையை அவன் வாங்கிக்கொண்டான்.
அட்டைகள் அடுக்கிய சுவரோரம்
சந்தையில் மாடு பார்ப்பவன் நிதானத்தில் நடந்தான்.
"இதில் மரம் காணோம்.
இதிலும்.
இதில் பாதி."
ஒரு நீலத்தின் முன்னால் நின்றான்.
"இங்கே மரம் முடிகிறது," விரலால் கோடு இழுத்தான்,
"இங்கே சுவர்."

"ஆஸ்பத்திரி," என்றாள்.
"தெரிகிறது," என்றான்.
"பல் டாக்டர்."
"தெரிகிறதே."

நான் ஒரு டப்பா மூடியைத் துடைத்தேன்,
துடைக்க ஒன்றுமில்லாத மூடியை.

கடை மூடும் நேரமும் தாண்டி
அவள்தான் என் பக்கம் திரும்பினாள்.
"கால் பங்கு கறுப்பு சேர்த்தால்?"
"கால் பங்கா! மூன்று சொட்டு போதும்."
மூன்று சொட்டு.
இயந்திரம் குலுக்கி ஓய்ந்தது.
ஒரு விரல் தொட்டு அட்டையில் தடவிக் காயவைத்து
பலகையை அதன் பக்கத்தில் வைத்தோம்.
மூவரும் குனிந்தோம்.

தணல் ஊதியது போல ஓக் கனன்றது.
"இவ்வளவு ஆரஞ்சா இது!" என்றாள்,
தன் வீட்டு மரத்தை இப்போதுதான் பார்ப்பவளாக.
அந்தச் சொல்லை அவன் கடந்து போகவிட்டான்.
விளிம்பின் மேல் கட்டைவிரல் ஓடிக்கொண்டிருந்தது,
மரம், சுவர், மரம்.

மிச்சப் பச்சை படுக்கையறைக்குப் போனதாம்.
அந்தக் கதவை மட்டும் அவள் சாத்துவதில்லையாம்.

மார்ச்சில் மறுபடி வந்தாள்.
அதே துண்டு, பலகை, ஆணி.
"உட்கூரைக்கு," என்றாள்.
வெள்ளை, என்றேன்.